தோகையே பெயரான பறவை

குவாத்தமாலா நகரத்தில் பேருந்துக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டால், நடத்துநர் ஒரு பறவையின் பெயரைச் சேர்த்துத்தான் பதில் சொல்கிறார். அந்த நாட்டுப் பணத்தின் பெயர் கெட்சால். தக்காளிக்கும் தண்ணீர்ப் புட்டிக்கும் கோயில் வாசலில் விற்கும் மெழுகுவத்திக்கும் கெட்சால் கணக்கில்தான் விலை. 1925இல், ஹோசே மரியா ஒரெயானா அதிபராக இருந்தபோது, பழைய பெசோ போய் கெட்சால் வந்தது. அன்றிலிருந்து அச்சான தாள்களில் ஒரு மூலையில் நீண்ட தோகையை இழுத்துக்கொண்டு அந்தப் பறவை பறந்துகொண்டே இருக்கிறது.

கொடியிலும் அதுதான். 1871இல் வகுக்கப்பட்ட அரசுச் சின்னத்தில், விடுதலை நாளான 1821 செப்டம்பர் 15 என்ற தேதி எழுதிய சுருளின்மேல் கெட்சால் அமர்ந்திருக்கிறது. சின்னத்தை வரைந்தவர் சுவிட்சர்லாந்தில் பிறந்து குவாத்தமாலாவில் குடியேறிய செதுக்குக் கலைஞர் யோகான் பாப்டிஸ்ட் ஃப்ரெனர். தேசிய கீதத்தின் கடைசிப் பகுதியும் இந்தப் பறவையைப் பாடுகிறது. கழுகையும் காண்டோர் என்ற பெருங்கழுகையும் மிஞ்சி அது உயரப் பறக்கட்டும் என்று வாழ்த்துகிறது. ஆனால் பெயரைச் சொல்வதில்லை. சின்னத்தில் வாழும் இந்நிலத்துப் பறவை என்று சொல்லிவிட்டால் போதும், எல்லோருக்கும் புரிந்துவிடும்.

இவ்வளவு எங்கும் நிறைந்திருக்கும் பறவையைத் தலைநகரத்தில் உயிரோடு பார்க்க முடியாது. தெற்கு மெக்ஸிகோவின் சியாபாஸ் தொடங்கி மேற்குப் பனாமா வரை, மலைகளின் மேல்பகுதியில் மேகம் தவழும் காடுகளில் மட்டும் அது வாழ்கிறது. பறவையைத் தேடிப் போகிறவர் வடக்கே வெராபாஸ் மலைகளுக்குப் போக வேண்டும். பெயரைத் தேடிப் போகிறவர் முதலில் மேற்கே போக வேண்டும்.

மேற்கே போகும் பேருந்துகள் அமெரிக்கப் பள்ளிகளில் ஓடி ஓய்ந்தவை. இங்கே வந்து சிவப்பும் பச்சையும் பூசிக்கொண்டு, கூரையில் மூட்டைகளைச் சுமந்து மறுபிறவி எடுத்திருக்கின்றன. படிக்கட்டில் தொங்கியபடி உதவியாளர் "ஷேலா, ஷேலா, ஷேலா" என்று கூவுகிறார். வரைபடத்தில் அந்தப் பெயர் கிடைக்காது. அங்கே அச்சிட்டிருப்பது கெட்சால்தெனாங்கோ. ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தூரத்தில், 2,300 மீட்டர் உயரத்தில், எரிமலைகள் சூழ்ந்த அந்த நகரம் நாட்டின் பெரிய நகரங்களுள் ஒன்று.

ஒரே ஊருக்கு இரண்டு பெயர் வந்த கதையில்தான் பறவையின் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1524இல் பெத்ரோ தே அல்வராதோ என்ற ஸ்பானியத் தளபதி இந்த மலைநாட்டின்மேல் படையெடுத்து வந்தார். அவரோடு வந்த படையில் ஸ்பானியர்களைவிட மத்திய மெக்ஸிகோவின் கூட்டாளிகள்தான் மிகுதி. அவர்களின் மொழி நவாட்டல், அஸ்தெக்குகள் பேசியதும் அதே மொழிதான். கடந்துவந்த ஊருக்கெல்லாம் அவர்கள் தங்கள் மொழியில் பெயர் சொல்ல, ஸ்பானியர்கள் அதையே எழுதிக்கொண்டார்கள். மதில் சூழ்ந்த இடம் என்ற பொருளில் 'தெனாங்கோ' என்று முடியும் ஊர்கள் இந்த மலைநாட்டில் வரிசையாக வருகின்றன. ஊவேஊவேதெனாங்கோ, சிச்சிகாஸ்தெனாங்கோ, கெட்சால்தெனாங்கோ எல்லாம் அப்படி வந்தவை. மரங்கள் நிறைந்த இடம் என்ற பொருளுடைய குவாத்தமாலா என்ற நாட்டின் பெயரே நவாட்டல் சொல்தான். கிச்சே மாயா மக்களோ தங்கள் ஊரை ஷெலாஹு என்றே சொல்லிவந்தார்கள். பத்து மலைகளின் கீழே என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். ஐந்நூறு ஆண்டுகள் ஆன பிறகும் பேருந்து உதவியாளரின் வாயில் வெற்றி பெற்றிருப்பது அந்தப் பழைய பெயர்தான்.

பறவைக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. கிச்சே மொழியில் அதன் பெயர் 'குக்', தொண்டைக்குள்ளிருந்து வெடித்து வரும் ககரம். உலகம் அதை கெட்சால் என்ற மெக்ஸிகோப் பெயரில்தான் அறிந்திருக்கிறது.

இந்த நகரத்தை ஒட்டிய சமவெளியில்தான் கிச்சே தலைவன் தெகூன் உமான் அல்வராதோவை எதிர்கொண்டு வீழ்ந்தான் என்று நாட்டு வரலாறு சொல்கிறது. அவன் தலைக்குமேல் கெட்சால் ஒன்று வட்டமிட்டதாம். ஈட்டி பாய்ந்து அவன் சாய்ந்தபோது அது இறங்கி வந்து அவன் நெஞ்சின்மேல் படுத்ததாம். எழுந்தபோது அதன் மார்பு சிவந்திருந்ததாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோரும் அறிந்த கதை இது. அந்தப் போரைப் பற்றி அல்வராதோ அதே ஆண்டில் தன் தலைவர் கோர்த்தேஸுக்கு எழுதிய கடிதத்தில், எதிரித் தலைவர்களுள் ஒருவன் இறந்தான் என்ற அளவில் செய்தி இருக்கிறது. பெயரும் இல்லை, பறவையும் இல்லை. தோற்றவர்கள் தங்கள் நினைவிலிருந்து அந்த இரண்டையும் மீட்டு வைத்தார்கள். 1960இல் தெகூன் உமான் தேசிய வீரனாக அறிவிக்கப்பட்டான். அரை கெட்சால் தாளில் அவன் முகமும், அதே தாளில் பறவையும் அச்சாகின.

மீண்டும் தலைநகரம் வந்து வடகிழக்கே திரும்பினால் நிலம் அடியோடு மாறிவிடுகிறது. மொதாகுவா ஆற்றுப் பள்ளத்தாக்கில் கள்ளியும் முள்மரங்களும் நிற்கின்றன. மலைகள் மழையை மறித்துக்கொள்வதால் இந்தப் பள்ளத்தாக்கு நாட்டிலேயே வறண்ட பகுதி. வெயிலில் கண் கூசும் இந்த இடத்தில் பச்சை நிறத்தைப் பற்றிப் பேசுவது பொருத்தமில்லாததாகத் தோன்றலாம். ஆனால் பழைய மெசோஅமெரிக்க உலகம் உயிராக மதித்த பச்சைக்கல், அதாவது ஜேட், இந்த ஆற்றுப் பள்ளத்தாக்கில்தான் கிடைத்தது. ஓல்மெக் நாகரிகக் காலம் தொட்டு அரசர்களின் காதணியும் கழுத்தணியும் இறந்தவர் வாயில் இட்ட மணியும் இந்த மலைச்சரிவுகளிலிருந்து போனவை.

அந்தக் கல்லையும் கெட்சால் இறகையும் நவாட்டல் பேசியவர்கள் எப்போதும் இணைத்தே சொன்னார்கள். இரண்டும் பச்சை. இரண்டும் தொலைதூரத்து மலைகளிலிருந்து வணிகர்களின் முதுகில் வந்தவை. இரண்டும் பொன்னைவிட உயர்ந்தவை. 'கெட்சா' என்ற வினைக்கு நிமிர்த்து, எழுந்து நில் என்று பொருள். அதிலிருந்து வந்த 'கெட்சல்லி' என்பது நிமிர்ந்து நிற்பதை, தலையணியில் செருகினால் எழுந்து நின்று அசையும் அந்த நீண்ட பச்சை இறகைக் குறித்தது. பிறகு அந்தச் சொல் விரிந்து, அரியது, விலை மதிக்க முடியாதது என்ற பொருளையும் ஏற்றது. நாம் பிள்ளையைக் கண்ணே என்றும் மணியே என்றும் கொஞ்சுவதுபோல, அஸ்தெக் பெற்றோர் தம் பிள்ளையைக் கழுத்து மாலை என்றும் கெட்சால் இறகு என்றும் அழைத்தார்கள். இன்றும் மெக்ஸிகோவில் பெண் குழந்தைக்குக் கெட்சல்லி என்று பெயர் வைக்கிறார்கள்.

கெட்சல்கோவாத்தல் என்ற தெய்வத்தின் பெயரும் இந்த இறகிலிருந்து வந்ததே. 'கோவாத்தல்' என்றால் பாம்பு. கெட்சால் இறகு போர்த்திய பாம்பு, காற்றுக்கும் கல்விக்கும் உரிய கடவுள். 1971இல் டெக்சாஸில் டக்ளஸ் லாசன் என்ற மாணவர் மாபெரும் பறக்கும் ஊர்வன ஒன்றின் எலும்புகளைக் கண்டெடுத்தார். சிறகு விரித்தால் பத்து மீட்டர் அளவுக்கு வரும் அந்த விலங்குக்கு 1975இல் கெட்சல்கோவாத்லஸ் என்று பெயரிட்டார். மலைக்காட்டுப் பறவை ஒன்றின் இறகு இப்படி டைனோசர் காலம் வரை பயணம் போயிருக்கிறது.

எல் ரான்சோ என்ற சந்திப்பில் சாலை வடக்கே பிரிந்து மலையேறத் தொடங்குகிறது. கள்ளி மறைந்து பைன் வருகிறது. பைன் மறைந்து பாசி போர்த்திய அகன்ற இலை மரங்கள் வருகின்றன. சன்னலைச் சாத்தச் சொல்கிறார்கள். வெராபாஸுக்குள் நுழைந்துவிட்டோம் என்பதற்கு அறிவிப்புப் பலகை தேவையில்லை, மூக்கில் படும் ஈரமே சொல்லிவிடும்.

இந்தப் பகுதியின் பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு. ஸ்பானியப் படைகள் பலமுறை முயன்றும் அடங்காத இந்த மலைகளைப் போர் நிலம் என்றே அவர்கள் அழைத்தார்கள். 1537இல் பார்த்தலோமே தே லாஸ் காசாஸ் என்ற தொமினிக்கன் துறவி, வாள் இல்லாமல் நான் போகிறேன், படைவீரன் ஒருவனும் என் பின்னால் வரக்கூடாது என்று ஆளுநரிடம் உடன்படிக்கை செய்துகொண்டார். பழங்குடி மக்களின் உரிமைக்காக ஸ்பானிய அரசவையிலேயே வாதாடியவர் அவர். அவரும் தோழர்களும் மக்களின் மொழியைக் கற்றுப் பாடல்கள் இயற்றிப் பேசிப் பழகி உள்ளே சென்றார்கள். அதன்பின் போர் நிலம், உண்மை அமைதி என்று பொருள்படும் வெராபாஸ் ஆனது.

லாஸ் காசாஸ் எழுதிவைத்த செய்திகளுள் ஒன்று பறவை ஆர்வலர்களுக்கு மிக முக்கியமானது. இந்த மலைகளில் வளமான இறகுடைய பறவையைக் கொன்றவனுக்கு மரண தண்டனை என்கிறார் அவர். பறவையைக் கண்ணி வைத்துப் பிடித்து, நீண்ட இறகுகளை உருவிக்கொண்டு விட்டுவிடுவார்கள், அடுத்த ஆண்டு அது மீண்டும் வளர்ந்துவிடும். வழிபாட்டு உணர்வு இதில் இருந்திருக்கலாம். அதோடு வணிக அறிவும் இருந்தது. முட்டையிடும் வாத்தை அறுக்காத மக்கள் அவர்கள்.

சாலையின் 160ஆவது கிலோமீட்டரை ஒட்டி, புருல்ஹா என்ற ஊருக்கு அருகில், கெட்சால் காப்புக்காடு இருக்கிறது. பரப்பு ஏறத்தாழ ஆயிரம் ஹெக்டேர், உயரம் 1,500 மீட்டரில் தொடங்கி 2,300 மீட்டர் வரை. நாட்டின் பழைமையான சான் கார்லோஸ் பல்கலைக்கழகம் இதைப் பராமரிக்கிறது. உள்ளே இரண்டு நடைபாதைகள் உள்ளன, ஒன்றுக்குப் பெரணிப் பாதை என்று பெயர், மற்றொன்றுக்குப் பாசிப் பாதை. இந்தக் காட்டைக் காக்க வேண்டும் என்று முன்னின்று பாடுபட்டவர் உயிரியலாளர் மாரியோ தாரி ரிவேரா. 1981இல் அவர் அந்தப் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பேற்றார். உள்நாட்டுப் போரில் பேராசிரியர்களும் மாணவர்களும் வேட்டையாடப்பட்ட காலம் அது. அதே ஆண்டு டிசம்பரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். காப்புக்காடு இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கெட்சாலின் மார்புச் சிவப்புக்கு இந்த நாட்டு மக்கள் ஏன் குருதியைக் காரணம் சொல்கிறார்கள் என்பது இந்தப் பெயர்ப்பலகையின் முன் நிற்கும்போது நெஞ்சில் உறைக்கிறது.

பறவையைப் பார்க்க விடியலில் எழ வேண்டும். மார்ச் முதல் மே வரை கூடு கட்டும் காலம். காட்டுக்குள் நெடுந்தூரம் நடக்கக்கூடத் தேவையில்லை, பழம் பழுத்த மரம் எது என்று உள்ளூர் வழிகாட்டிக்குத் தெரிந்திருந்தால் போதும். மரத்தைக் காட்டிவிட்டு அவர் பேசாமல் நிற்பார். தூறல் விழும். 'சிப்பி-சிப்பி' என்று இவ்வூரார் அழைக்கும் அந்தத் தூறல், மழை என்று சொல்ல முடியாத அளவுக்கு நுண்ணியது, சட்டை நனைந்த பிறகே தெரியும். மரத்தில் ஒன்றும் இல்லை என்று பயணி முடிவு செய்யும் நேரத்தில் வழிகாட்டி மெல்ல விரலை உயர்த்துவார். அத்தனை நேரமும் அங்கேயே, முதுகைக் காட்டிக்கொண்டு, ஈரம் மின்னும் இலைகளுக்கிடையில் இன்னோர் இலைக்கொத்தாக அது உட்கார்ந்திருக்கும்.

திரும்பும்போதுதான் மூச்சு நிற்கிறது. வயிறெல்லாம் கருஞ்சிவப்பு. தலையில் சீப்பு வைத்ததுபோல் குட்டிக் கொண்டை. முதுகின் பச்சை, தலையை அசைத்தால் நீலமாகிறது, வெயில் கீற்று பட்டால் பொன்னாகிறது. இந்தப் பச்சை சாயத்தால் வந்ததில்லை. இறகின் நுண்ணிழைகளுக்குள் அடுக்காக அமைந்த நிறமித் துகள்களில் ஒளி பட்டுச் சிதறுவதால் தோன்றுவது. பறவையின் உடல் ஒரு முழம்கூட இருக்காது. தோகையோ அதையும் தாண்டி அறுபது சென்டிமீட்டருக்கு மேல் தொங்குகிறது. கிளையை விட்டு அது பின்புறமாகச் சாய்ந்து விழுவதுபோல் இறங்குவது, அந்தத் தோகை கிளையில் சிக்கிக் கிழிந்துவிடாமல் இருக்கத்தான். பறக்கும்போது பின்னால் இரண்டு பச்சை நாடாக்கள் அலையலையாக வருகின்றன.

எல்லோரும் வால் என்று சொல்லும் அது வால் அல்ல. உண்மையான வால் குட்டையானது, அடியில் வெள்ளையாகத் தெரியும். அதன்மேல் போர்வையாகக் கிடக்கும் மேலிறகுகளில் நடு இரண்டுதான் இப்படி நீள்கின்றன. சேவலுக்கு மட்டும் வளரும், ஒவ்வோர் இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் உதிரும், மறுபடி முளைக்கும். மயிலுக்கும் அப்படியேதான். ஆண்மயில் விரிப்பது அதன் வாலை அல்ல, வாலின் மேலிறகுகளை.

இங்கே தமிழ்ப் பயணிக்கு ஒரு வசதி உண்டு. தோகை என்பது நம் மொழியில் மயிலிறகுக்கும் பெயர், மயிலுக்கும் பெயர். உறுப்பின் பெயர் முழு உயிருக்கு ஆகி வந்தால் அதைச் சினையாகுபெயர் என்று இலக்கணம் சொல்லித் தந்திருக்கிறது. ராபர்ட் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில், எபிரேய விவிலியத்தில் சாலமோனின் கப்பல்கள் கொண்டுவந்த 'துக்கி' என்ற பறவையின் பெயர் நம் தோகையிலிருந்தே போனது என்று வாதிட்டார். தோகையைக் கண்டு வியந்தவர்கள் பறவையையே தோகை என்று அழைப்பதும், அந்தப் பெயர் வணிகர்களோடு கடல் கடப்பதும் நமக்குப் பழக்கமான செய்தி.

கெட்சாலுக்கு நேர்ந்ததும் இதுவே. நவாட்டல் மொழியில் பறவைக்கு 'தொதொத்தல்' என்ற சொல் இருந்தது. இந்தப் பறவையைக் 'கெட்சல்தொதொத்தல்', கெட்சால் இறகுப் பறவை என்று முழுப்பெயர் சொல்லித்தான் அழைத்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் பெர்னார்தினோ தே சாகுன் என்ற துறவி, நவாட்டல் அறிஞர்களை உட்காரவைத்து அவர்கள் மொழியிலேயே தொகுத்த பெரும் நூலின் 11ஆம் பகுதி விலங்குகளையும் பறவைகளையும் பேசுகிறது. அங்கே இந்தப் பறவைக்கு அந்த முழுப்பெயர்தான் இருக்கிறது. ஸ்பானிய நாவுக்கு அது நீளமாகப் பட்டது. பின்பாதி உதிர்ந்தது. உதிர்ந்தது பறவை, எஞ்சியது இறகு.

மாயா மொழிகளிலும் இந்த இரண்டும் ஒட்டியே கிடக்கின்றன. யுகாத்தான் மாயாவில் இறகுக்குக் 'குகும்', பறவைக்குக் 'குக்'. இறகுப் பாம்புத் தெய்வம் அங்கே குகுல்கான், கிச்சே மக்களின் படைப்புக் கதையில் குகுமாட்ஸ். எல்லைக்கு அப்பால் ஹோண்டுராஸில் கோப்பான் நகரத்தை ஆண்ட மரபின் முதல்வன் பெயர் கீனிச் யாஷ் குக் மோ. கி.பி. 426இல் ஆட்சிக்கு வந்தவன். பெயரிலேயே கெட்சாலும் பஞ்சவர்ணக்கிளியும் இருக்கின்றன. அவன் புதைக்கப்பட்ட மேட்டுக்குள், கோயில்மேல் கோயிலாகக் கட்டி மூடப்பட்ட ஒரு சுவரில், அந்த இரண்டு பறவைகளும் கழுத்தோடு கழுத்து பின்னி நிற்கும் வண்ணச் சுதைச் சிற்பம் இருக்கிறது. ஓர் அரசனின் பெயரை எழுத்தில்லாமல் பறவைகளாலேயே எழுதிய சிற்பம் அது.

இறகின்மேல் இருந்த மோகம் எவ்வளவு என்பதைக் காண ஆஸ்திரியாவுக்குப் போக வேண்டும். வியன்னாவின் உலக அருங்காட்சியகத்தில் ஒரு தலையணி இருக்கிறது. அஸ்தெக் அரசன் மொக்தெசூமாவுடையது என்று மக்கள் நம்பும் அதில் நூற்றுக்கணக்கான கெட்சால் இறகுகள் விசிறியாக விரிந்து நிற்கின்றன. ஒரு சேவலுக்கு இரண்டு நெடும் இறகு என்று கணக்குப் போட்டால், அந்த ஒரு தலையணிக்கு நூற்றுக்கு மேற்பட்ட பறவைகள் இறகு ஈந்திருக்க வேண்டும். 1596ஆம் ஆண்டுப் பட்டியலில் அதை மூர் இனத்தார் தொப்பி என்று எழுதி வைத்தார்கள். கடல் தாண்டிய பொருளுக்கு ஊரும் பேரும் போய்விட்டன. மெக்ஸிகோ அதைத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. பயணத்தின் அதிர்வைத் தாங்காது என்று ஆய்வுக்குழு சொல்லிவிட்டதால் அது இன்னும் வியன்னாவிலேயே இருக்கிறது.

அறிவியல் பெயரும் இதே வழியில்தான் வந்தது. 1832இல் மெக்ஸிகோப் பாதிரியாரும் இயற்கை ஆய்வாளருமான பாப்லோ தே லா யாவே இதற்கு ஃபாரோமாக்ரஸ் மோசின்னோ என்று பெயர் சூட்டினார். முற்பாதி கிரேக்கம், நீண்ட போர்வை என்று பொருள். மீண்டும் தோகைதான்! பிற்பாதி ஒரு மனிதரை நினைவுகூர்கிறது. ஹோசே மரியானோ மோசீன்யோ, புதிய ஸ்பெயினின் தாவரங்களைத் திரட்டிய அரசுப் பயணக்குழுவில் பல ஆண்டுகள் மெக்ஸிகோவிலும் குவாத்தமாலாவிலும் அலைந்தவர். ஸ்பெயினில் அரசியல் மாறியபோது ஆயிரத்துக்கு மேற்பட்ட ஓவியங்களோடு பிரான்சுக்கு ஓடினார், அவற்றைத் தாவரவியலாளர் தெ காந்தோலிடம் ஒப்படைத்தார். 1817இல் திரும்பக் கேட்டபோது, ஜெனீவா நகரத்து மக்கள் நூறு பேருக்கு மேல் கூடி, சில நாள்களுக்குள் அவ்வளவு ஓவியங்களையும் பார்த்து வரைந்து பிரதி எடுத்துக்கொண்டார்கள். மோசீன்யோ 1820இல் பார்சலோனாவில் வறுமையில் இறந்தார். மூல ஓவியங்கள் காணாமல் போய், நூற்றாண்டுக்கும் மேல் கழித்து ஒரு குடும்பத்தின் வீட்டில் கிடைத்தன. அவர் பெயரில் வரும் ஸ்பானிய 'ன்ய' ஒலிக்கு லத்தீனில் எழுத்து இல்லாததால் இரட்டை 'ன்' போட்டார்கள். நாடோடியாக முடிந்த ஒரு வாழ்க்கைக்கு இந்தப் பறவையே நினைவுச்சின்னம்.

தோகையைக் குறிக்காத ஒரே பெயர் இந்தப் பறவையின் குடும்பத்துக்கு வாய்த்தது. ட்ரோகன் என்றால் கிரேக்கத்தில் கொறிப்பது. பட்டுப்போன மரத்தை அலகால் கொறித்துப் பொந்து குடைவதால் வந்தது. உலகில் நாற்பதுக்கு மேற்பட்ட ட்ரோகன் இனங்கள் உண்டு. நம் மேற்குத்தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் வாழும் தீக்காக்கை அவற்றுள் ஒன்று. அதே சிவந்த வயிறு, அதே அசையாத இருப்பு, அதே அடர்காட்டு வாசம். தோகை மட்டும் இல்லை.

பறவைக்கு உண்மையில் சோறு போடுவது இந்தக் கொறிக்கும் பெயர்தான். கெட்சாலின் அலகு மரங்கொத்தியின் அலகுபோல் வலுவானதல்ல. நன்றாக உளுத்துப்போன மரத்தில்தான் அதனால் பொந்து குடைய முடியும். அப்படி உளுத்த மரம் அதிக நாள் நிற்காது, காற்றில் விழுந்துவிடும், அடுத்த ஆண்டுக்கு வேறு மரம் வேண்டும். முதிர்ந்த மரங்கள் வரிசையாகச் செத்துக்கொண்டும் முளைத்துக்கொண்டும் இருக்கும் பழைய காட்டில் மட்டுமே இது நடக்கும். பொந்துக்குள் இளநீல முட்டைகள் இரண்டு. சேவலும் முறை வைத்து அடைகாக்கிறது. அப்போது தோகை மடிந்து பொந்து வாயில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பெரணி இலை என்றே தோன்றும்.

உணவும் இதே காட்டில்தான். உயிரியலாளர் நத்தானியேல் வீல்ரைட் கோஸ்ட்டா ரிக்காவின் மொன்தேவெர்தே மலையில் ஆய்ந்து 1983இல் எழுதியபடி, கெட்சாலின் முதன்மை உணவு லாரேசி குடும்ப மரங்களின் பழங்கள். நம் இலவங்கப்பட்டையின் உறவு மரங்கள், வெண்ணெய்ப்பழத்தின் காட்டுத் தம்பிகள். 'அகுவாகாத்தியோ' என்று உள்ளூர்ப் பெயர். பறவை பழத்தை முழுசாக விழுங்கி, சதையைச் செரித்துக்கொண்டு, கொட்டையைத் துப்புகிறது. அப்படித் துப்பிய இடத்தில் அடுத்த மரம். அதே மலையில் 1990களில் ஆய்வாளர்கள் ஜார்ஜ் பாவெலும் ராபின் பியோர்க்கும் பறவைகளுக்கு வானொலிக் கருவி பொருத்திப் பின்தொடர்ந்தார்கள். கூடுகட்டும் காலம் முடிந்ததும் அவை காப்புக்காட்டை விட்டு இறங்கி, பழம் தேடிக் கீழ்ச்சரிவுகளுக்குப் போய்விடுவது தெரிந்தது. அந்தச் சரிவுகளில் இருந்தது பெரும்பாலும் தனியார் நிலம், துண்டு துண்டான காடு. சிகரத்தை மட்டும் வேலி போட்டுக் காத்தால் ஆண்டின் பாதிக்குத்தான் பாதுகாப்பு.

வெராபாஸின் காப்புக்காட்டைத் தாண்டிக் கோபான் நகரத்துக்கு இறங்கும் வழியெங்கும் இந்தச் சிக்கல் கண்ணெதிரே விரிகிறது. மலைச்சரிவில் மக்காச்சோளம், காப்பி. அவற்றோடு ஓர் எதிர்பாராத மணம். ஏலக்காய்! நம் மலைகளின் பயிரான ஏலம், 1914 வாக்கில் ஒரு ஜெர்மானியத் தோட்டக்காரர் வழியாக இங்கே வந்தது. இன்று உலக ஏலச் சந்தையில் குவாத்தமாலா முதலிடத்தில் நிற்கிறது. விளைச்சலில் பெரும்பகுதி அரபு நாடுகளின் காப்பிக் கோப்பைக்குப் போகிறது. போடியிலும் வண்டன்மேட்டிலும் ஏலம் கூறப்படும் காயின் விலையை இந்த வெராபாஸ் மலைகளின் விளைச்சல் ஏற்றி இறக்குகிறது. பயிரிடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு துண்டு நிலம் வைத்திருக்கும் கெக்சி மாயா விவசாயிகள். அவர்களைக் குறை சொல்வது நியாயமாகாது, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் அந்தக் காயில் இருக்கிறது. ஆனால் ஓயாத தூறலில் காயை உலர்த்த அடுப்பு எரிய வேண்டும், அடுப்புக்கு விறகு வேண்டும், விறகு மேகக்காட்டிலிருந்து வருகிறது. உளுத்துப்போன மரம்தான் எளிதில் வெட்டக் கிடைக்கும் விறகு. கெட்சாலுக்கு வேண்டிய வீடும் அதுவே.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் இந்தப் பறவை அச்சுறுத்தலை நெருங்கிய இனமாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. இறகுக்காகக் கொல்வது இன்று பெரிய ஆபத்தல்ல. வணிகம் பன்னாட்டுச் சட்டத்தில் தடைசெய்யப்பட்டுள்ளது. கூண்டில் அடைத்தால் செத்துவிடும் என்ற பழைய நம்பிக்கைகூட மெக்ஸிகோவின் சியாபாஸ் விலங்குப் பூங்காவில் குஞ்சு பொரித்தபோது பொய்யானது. இறகையும் காக்கலாம், பறவையையும் கூண்டில் வளர்க்கலாம். உளுத்த மரமும் காட்டு வெண்ணெய்ப்பழமும் நிற்கும் மலைச்சரிவை மட்டும் எந்தப் பூங்காவிலும் செய்து வைக்க முடியாது. நாட்டின் பணத்துக்கு இந்தப் பெயரைச் சூட்டி, கொடியிலும் இந்தப் பறவையை வைத்தவர்கள், காப்புக்காட்டின் எல்லைக்குக் கீழே இருக்கும் சரிவுகளுக்கும் அந்த மதிப்பில் ஒரு பங்கைக் கொடுத்தாக வேண்டும்.

குவாத்தமாலாவுக்குப் போகும் வாய்ப்புள்ள தமிழ் வாசகர்கள் மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் இடையில் வெராபாஸுக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். அந்த ஊரைச் சேர்ந்த வழிகாட்டியையே அமர்த்துங்கள். கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அதை வரவழைக்காதீர்கள். பொந்துள்ள பட்டமரத்துக்கு அருகில் போகாதீர்கள். வழிகாட்டிக்கும் சாலையோர விடுதிக்கும் நீங்கள் கொடுக்கும் தொகை அந்த மரத்தை விறகாக்காமல் விட்டுவைக்க ஒரு காரணமாகிறது.